பொய் மின்வெட்டு

இரவு 10 மணிக்கு ஒரு வங்கியின் தரவுத்தளத்தை நகலெடுக்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவு 10 டெராபைட். வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் படித்தால் 50,000 வினாடி பிடிக்கும். கடைசிப் பக்கம் நகலில் போய்ச் சேரும்போது மறுநாள் பகல் 12 மணி ஆகப்போகும்.

இடைப்பட்ட நேரத்தில் பணப் பரிமாற்றம் நிற்கவில்லை. அண்ணனின் கணக்கு இருக்கும் பக்கம் 10.05-க்கே நகலாகிவிட்டது. அப்போது அதில் 5,000 ரூபாய் இருந்தது. 11 மணிக்கு அவர் அந்தப் பணத்தைத் தம்பிக்கு அனுப்புகிறார். தம்பியின் கணக்கு இருக்கும் பக்கம் நள்ளிரவுக்குப் பிறகு நகலாகிறது. இப்போது நகலைத் திறந்து பார்த்தால் அண்ணனிடமும் 5,000 இருக்கிறது, தம்பியிடமும் 5,000 இருக்கிறது. பக்கங்கள் நகலான வரிசை மாறியிருந்தால் இரண்டு பேரிடமும் ஒன்றும் இருந்திருக்காது. 14 மணி நேரம் எடுத்த நகல் 14 மணி நேரத்தின் கலவை. அந்த வங்கி எந்த நொடியிலும் அப்படி இருந்ததே இல்லை.

வங்கியை இழுத்துப் பூட்டிவிட்டு நகலெடுக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். இன்று விடியற்காலை மூன்று மணிக்கும் யாரோ ஒருவர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். பூட்டுவதற்கு நேரமில்லை.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி விசித்திரமானது. அது வேறொரு சிக்கலுக்காகச் செய்துவைத்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. வட்டுகள் பழுதாகும். எனவே ஒவ்வொரு எழுத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு வட்டுகளில் எழுது, ஒன்று போனாலும் மற்றது இருக்கும். இதுதான் மிரர், தமிழில் பிரதிவட்டு எனலாம். 1976-இல் விற்பனைக்கு வந்த டேண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் கணினிகளிலேயே இந்த இரட்டை வட்டு முறை இருந்தது. 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வட்டுகளைக் கூட்டாகப் பயன்படுத்தும் முறைகளை வகைப்படுத்தி ‘ரெய்டு’ என்று பெயர் வைத்தபோது, பிரதிவட்டுக்கு முதல் எண் கிடைத்தது.

ஆனால் பிரதிவட்டு பேக்கப் ஆகாது. ஊழியர் ஒருவர் தவறான கட்டளை கொடுத்து வாடிக்கையாளர் பட்டியலை அழித்தால், அது இரண்டு வட்டுகளிலும் ஒரே கணத்தில், ஒரே துல்லியத்தோடு அழியும். பழுதுக்கு எதிரான காவல் தவறுக்கு எதிராக உதவாது. இன்றும் ‘எங்களிடம் ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு?’ என்று கேட்கும் அலுவலகங்கள் உண்டு. அவர்களுக்கு விதி இதுவரை கருணை காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

1990களின் பிற்பகுதியில் இஎம்சி நிறுவனம் தன் சிம்மெட்ரிக்ஸ் சேமிப்பகங்களில் ‘டைம்ஃபைண்டர்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. இரட்டை வட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பிரதிவட்டைச் சேர். அது முதல் வட்டோடு முழுதாக ஒத்துப்போகும் வரை பொறு. அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம், பரவாயில்லை, பின்னணியில் நடக்கட்டும். பிறகு நீ விரும்பும் நொடியில் மூன்றாவதைக் கழற்றிவிடு. துறையில் இதை ‘ஸ்ப்ளிட்’ என்பார்கள். கழற்றிய நொடியில் அந்த வட்டு உறைந்துவிடும். முதல் இரண்டும் வழக்கம்போல் ஓடும்.

கழற்றிய அந்த நொடியில் எந்த நகலும் எடுக்கப்படவில்லை. நகலெடுத்துக்கொண்டே இருந்தார்கள், நிறுத்தினார்கள். அதனால்தான் 10 டெராபைட்டாக இருந்தாலும் 100 டெராபைட்டாக இருந்தாலும் வேலை சில வினாடிகளில் முடிகிறது. அண்ணனின் பக்கமும் தம்பியின் பக்கமும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை.

ஆனாலும் உறைந்த அந்த வட்டை அப்படியே பிரித்துப் பார்த்தால் கணக்கு தாறுமாறாகத்தான் இருக்கும். காரணம், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் எந்த நொடியிலும் வட்டில் முழுச் சரியாக இருப்பதில்லை. வேகத்துக்காக அது பக்கங்களை நினைவகத்தில் வைத்துத்தான் திருத்துகிறது. திருத்திய பக்கம் வட்டுக்குப் போய்ச் சேர நிமிடக்கணக்கில் ஆகலாம். இன்னும் முடியாத பரிவர்த்தனை ஒன்றின் பாதி வேலை வட்டில் எழுதப்பட்டிருக்கலாம், முடிந்துபோன பரிவர்த்தனை ஒன்று வட்டைத் தொடாமலே இருக்கலாம். இன்னும் மோசமாக, ஒரு பக்கமே கிழிந்திருக்கலாம். 8 கிலோபைட் பக்கத்தை 512 பைட் துண்டுகளாக எழுதும் வட்டுக்கு 16 துண்டுகள் தேவை. எட்டாவது துண்டில் கழற்றினால் மேல்பாதி புதுசு, கீழ்பாதி பழசு.

இந்த அலங்கோலம் தரவுத்தளத்துக்குப் புதிதல்ல. திடீரென்று மின்சாரம் போனால் வட்டு எந்த நிலையில் நிற்குமோ, கழற்றிய பிரதிவட்டும் அதே நிலையில்தான் நிற்கிறது. மின்வெட்டிலிருந்து எழுந்திருக்கும் வித்தையைத் தரவுத்தளங்கள் எப்போதோ கற்றுவிட்டன. ஆகவே ஸ்ப்ளிட் என்பது ஒரு பொய் மின்வெட்டு. ஒரு வட்டுக்கு மட்டும் மின்சாரம் போனதாக நடிக்கிறோம். அதை இன்னொரு கணினியில் மாட்டி எழுப்பும்போது தரவுத்தளம் அதை நிஜ மின்வெட்டு என்றே நம்பி, தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது.

அது எப்படிச் சரிசெய்துகொள்கிறது? பழைய மளிகைக் கடைகளில் ஒவ்வொரு விற்பனையும் நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் ஏறும். ஓய்வு கிடைக்கும்போது அதைப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் பதிவார்கள். தரவுத்தளமும் அதைத்தான் செய்கிறது. அதன் ‘லாக்’தான் குறிப்பேடு. எந்த மாற்றமும் பேரேட்டுக்குப் போகும் முன் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும். ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று உங்கள் திரையில் வருவதற்கு முன் அந்த வரி குறிப்பேட்டு வட்டில் எழுதப்பட்டாயிற்று. பேரேடு மெதுவாகத் திருந்தட்டும்.

இந்த மீட்சிக் கலையை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் சி. மோகன். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அவரும் நான்கு சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ‘ஏரிஸ்’ வழிமுறையைத்தான் ஐபிஎம்மின் டிபி2-வும் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரும் பின்பற்றுகின்றன. ஏரிஸ் மூன்று நடையாகப் போகிறது. முதல் நடையில் குறிப்பேட்டைப் படித்து, விழுந்த கணத்தில் எவையெல்லாம் பாதியில் நின்றன என்று கண்டுபிடிக்கிறது. இரண்டாவது நடையில் நடந்தவை அனைத்தையும் மறுபடி நடத்துகிறது. பாதியில் நின்ற பரிவர்த்தனைகளையும் சேர்த்துத்தான். எப்படியும் கைவிடப்போகும் வேலையை எதற்கு மறுபடி செய்ய வேண்டும் என்று தோன்றும். விழுந்த கணத்தின் நிலையை முதலில் அச்சு அசலாக உருவாக்கிவிட்டால், மூன்றாவது நடையில் அவற்றைப் பின்வாங்குவது எந்தச் சிக்கலுமில்லாத வழக்கமான வேலையாகிவிடும். மோகனின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சின்னத் தந்திரமும் உண்டு. குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஏறுவரிசையில் ஓர் எண். தன்னைக் கடைசியாகத் திருத்திய வரியின் எண்ணை ஒவ்வொரு பக்கமும் தன் தலையில் சுமக்கிறது. மீட்சியின்போது பக்கத்தின் எண் வரியின் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால், ‘இது ஏற்கெனவே ஆயிற்று’ என்று விட்டுவிடலாம். மீட்சி நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும் கவலையில்லை. திரும்பத் தொடங்கினால் சரியான இடத்தில்தான் போய் முடியும்.

கிழிந்த பக்கத்துக்கு மருந்து வேறு. திருத்திய பக்கங்கள் எல்லாம் வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட கணம் ‘சோதனைப்புள்ளி’. அதற்குப் பிறகு ஒரு பக்கம் முதன்முதலாகத் திருத்தப்படும்போது போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் அந்த முழுப் பக்கத்தையுமே குறிப்பேட்டில் எழுதிவைத்துவிடுகிறது. ஆரக்கிளில் ‘பேக்கப் தொடங்குகிறது’ என்று சொன்னால் அதுவும் இப்படியே செய்யும். பக்கம் கிழிந்திருந்தால் தைக்க வேண்டாம், குறிப்பேட்டிலிருந்து முழுசாக எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: குறிப்பேடு எப்போதும் பேரேட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பெரிய தரவுத்தளம் ஒரே வட்டில் இருப்பதில்லை. பல பத்து வட்டுகளில் பரவியிருக்கும், குறிப்பேடு தனி வட்டில் இருக்கும். குறிப்பேட்டு வட்டை இப்போது கழற்றி, பேரேட்டு வட்டை அரை வினாடி கழித்துக் கழற்றினால் என்ன ஆகும்? பேரேட்டில் ஒரு திருத்தம் இருக்கும், அதற்கான வரி குறிப்பேட்டில் இருக்காது. எந்த நிஜ மின்வெட்டிலும் இப்படி நடக்காது, அதனால் இதற்கு மருந்தும் இல்லை. நகல் குப்பை.

ஆகவே சேமிப்பகம் எல்லா வட்டுகளையும் ஓர் ‘ஒத்திசைவுக் குழு’வாகக் கட்டி, அத்தனைக்கும் வரும் எழுத்துகளை நொடிப்பொழுது வாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றிய பிறகே கதவைத் திறக்கிறது. தரவுத்தளத்தையே கொஞ்சம் மூச்சைப் பிடிக்கச் சொல்லும் வழியும் உண்டு. டிபி2-வில் ‘செட் ரைட் சஸ்பெண்ட்’ என்று ஒரு கட்டளை. அதன் பிறகு எழுத வந்தவர்கள் காத்திருப்பார்கள். யாருக்கும் பிழைச் செய்தி போகாது. படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் எதையும் உணரவே மாட்டார்கள். கழற்றி முடித்ததும் ‘ரைட் ரெஸ்யூம்’. ஏடிஎம் திரையைப் பார்த்து நிற்பவருக்கு அன்று இயந்திரம் ஒரு கணம் கூடுதலாக யோசித்ததாகத் தோன்றியிருக்கலாம்.

கழற்றிய வட்டு கையில் இருக்கிறது. இனி அதை என்ன செய்வது? டிபி2 இதற்கென்றே ‘டிபி2 இனிடிபி’ என்று ஒரு கருவி வைத்திருக்கிறது. அதனிடம் மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஸ்நாப்ஷாட், ஸ்டாண்ட்பை, மிரர்.

ஸ்நாப்ஷாட் என்றால் மூன்று நடையும் முடிந்து நகல் தனித் தரவுத்தளமாகத் திறந்துவிடும். மாதக் கடைசி அறிக்கையை அதில் ஓட்டலாம், உண்மைத் தளம் மூச்சுத் திணறாது. புதிய மென்பொருளை நிஜ அளவில் சோதிக்கலாம். சோதனைக்காரர்களிடம் கொடுக்கும் முன் வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்களையும் மறைப்பது அவசியம், பலர் இந்த இடத்தில் சோம்பேறித்தனம் செய்கிறார்கள். ஒருமுறை இப்படித் திறந்த நகல் மூலத்தின் பாதைக்குத் திரும்ப முடியாது. அதன் குறிப்பேடு இனி வேறு வழியில் போகிறது.

ஸ்டாண்ட்பை என்பது அந்தத் திரும்பும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்வது. நகல் திறக்காமல் காத்திருக்கும். மூலத்தில் எழுதி முடிந்த குறிப்பேடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, அவற்றை மறுபடி நடத்திக்கொண்டே பின்தொடரும். மூன்றாவது நடை மட்டும் நடக்காது. பாதியில் நிற்கும் பரிவர்த்தனை அடுத்து வரும் குறிப்பேட்டில் முடியக்கூடும் அல்லவா, அவசரப்பட்டுப் பின்வாங்கினால் அது கெட்டுவிடும். மூலம் எரிந்துபோனால் அன்றுதான் மூன்றாவது நடை நடந்து நகல் பொறுப்பேற்கும். நெடுங்காலம் இந்தக் காத்திருப்பு ஊமைக் காத்திருப்பாகவே இருந்தது. மாற்றங்களை ஏற்றுக்கொண்டே படிக்கவும் அனுமதிக்கும் வசதி ஆரக்கிளில் 11ஜி பதிப்போடு வந்தது. போஸ்ட்கிரஸில் 2010-இல், 9.0 பதிப்பில் வந்தது.

மிரர் என்பது நகலைத் திருப்பி மூலத்தின் மேலேயே வைப்பது. பிற்பகல் 3.17-க்கு யாரோ பட்டியலை அழித்துவிட்டார்கள். காலையில் கழற்றிய வட்டைத் திரும்ப ஏற்றி, குறிப்பேடுகளை 3.16 வரை மட்டும் நடத்து. அழிப்பு நடக்கவே இல்லாத ஒரு வங்கி எழுந்து வரும். இங்கே பதற்றத்தில் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வட்டுகளைத் திருப்பி ஏற்றும்போது குறிப்பேட்டு வட்டையும் சேர்த்து ஏற்றிவிட்டால், காலையின் பழைய குறிப்பேடு பகலின் குறிப்பேட்டின் மேல் எழுதப்படும். காலையிலிருந்து 3.16 வரை நடந்தது எல்லாம் போச்சு. அனுபவசாலிகள் இரண்டையும் தனித்தனிக் குழுவாக வைப்பது இதற்காகத்தான்.

திரும்ப ஏற்றவும் மறுநாள் இரவுக்கு மறுபடி ஒத்துப்போகச் செய்யவும் மீண்டும் 10 டெராபைட்டை நகர்த்த வேண்டுமா? வேண்டாம். கழற்றிய நொடியிலிருந்து சேமிப்பகம் ஒரு சின்ன வரைபடம் வைத்துக்கொள்கிறது. வட்டைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பிட். துண்டில் யாராவது எழுதினால் 0 என்பது 1 ஆகும். துண்டு 64 கிலோபைட் என்றால் ஒரு டெராபைட்டில் ஒரு கோடியே 67 லட்சம் துண்டுகள், அத்தனைக்குமான வரைபடம் வெறும் 2 மெகாபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு நாளில் நூற்றில் மூன்று பங்கு மாறியிருந்தால் அந்த மூன்று பங்கை மட்டும் நகர்த்தினால் போதும். டைம்ஃபைண்டர் இன்னும் ஒரு படி போனது. திருப்பி ஏற்றும் வேலை முடியும் வரை தரவுத்தளம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னும் வந்து சேராத துண்டை யாராவது கேட்டால், அதை மட்டும் நகலிலிருந்து அந்த நொடியே எடுத்துக் கொடுத்துவிடும்.

இவையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள். கட்டடமே போனால்? பிரதிவட்டை வேறு ஊரில் வைக்க வேண்டும், அங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். ஓர் எழுத்து சென்னைக்குப் போய், ‘கிடைத்தது’ என்று பதில் வர 10 மில்லி வினாடி. கேபிள் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூடுதல். ஒவ்வொரு எழுத்தும் முந்தையது முடியும் வரை காத்திருந்தால் வினாடிக்கு 100 எழுத்தைத் தாண்ட முடியாது. பங்குச் சந்தை அதைத் தாங்காது. எனவே தேசியப் பங்குச் சந்தை மும்பையிலேயே சற்றுத் தள்ளி ஓர் அண்மைத் தளம் வைத்து அங்கே ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் பிரதியெடுக்கிறது, தொலைவிலுள்ள பேரிடர்த் தளம் சென்னையில்.

அந்த உடனுக்குடனுக்கு ஒரு விலை உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று அண்மைத் தளத்துக்குப் போகும் தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. இணை பதில் சொல்லாதபோது தனியாகத் தொடர்வதா நிற்பதா என்ற கேள்வியில் சேமிப்பக அமைப்பு எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, வட்டுகளே எட்டாமல் போயின. காலை 11.40-க்கு வணிகம் நின்றது. சென்னைக்கு மாறாமல் மும்பையிலேயே சரிசெய்து பிற்பகல் 3.45-க்குத் தொடங்கி, மாலை 5 மணி வரை நடத்தினார்கள். ஒரு தரவும் இழக்கக் கூடாது என்ற விதியும் ஒரு நொடியும் நிற்கக் கூடாது என்ற விதியும் ஒரே இழையில் கட்டப்பட்டிருந்தால், இழை அறும்போது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

நகல்களின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நாள் வேறு. 2017 ஜனவரி 31, நிரலாளர்களின் திட்டங்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனம். முதன்மைத் தரவுத்தளத்தைப் பின்தொடரும் நகல் பின்தங்கிவிட்டது. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஒரு பொறியாளர் அந்த நகலின் அடைவைக் காலிசெய்து புதிதாகத் தொடங்க நினைத்தார். கட்டளையைக் கொடுத்தது முதன்மைக் கணினியில். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மட்டும் மிஞ்சியிருந்தது. தினசரி பேக்கப்பைத் தேடினார்கள், சேமிப்பிடம் காலி. பேக்கப் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் சரியான கையொப்பம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. வட்டு அளவிலான நகல் வசதி தரவுத்தளக் கணினிகளுக்கு இயக்கப்படவே இல்லை.

காப்பாற்றியது, பேக்கப்புக்காக எடுக்காத ஒன்று. சோதனைத் தளத்தில் நிஜத் தரவு வேண்டும் என்று ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்த எல்விஎம் ஸ்நாப்ஷாட். ஓடும் தரவுத்தளத்தை ஒரு நொடியில் உறையவைத்து எடுத்தது, அதே பொய் மின்வெட்டு. அது எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுந்தது. ஆனால் இருந்த இடம் மலிவான, மெதுவான வட்டு. அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சரிசெய்யச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. அதை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்களின் பதிவுகளும் 5,000 கருத்துகளும் 700 பயனர் கணக்குகளும் போயின.

தளத்தைத் திறக்கும் முன் இன்னொன்றும் செய்தார்கள். தரவுத்தளம் புதிதாகக் கொடுக்கும் வரிசை எண்கள் எல்லாவற்றையும் ஒரு லட்சம் முன்னால் தள்ளினார்கள். தொலைந்த பதிவுகளின் எண்கள் யாருடைய மின்னஞ்சலிலோ இணைப்பிலோ இன்னும் உலவிக்கொண்டிருக்கும். புதிய பதிவு எதுவும் அந்த எண்ணில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.